முதுகெலும்பும் முன்வினையும்

நமது நாட்டில் ஒருவனுக்குக் கண் தெரியாமற் போனாலும், கால் முடங்கிப் போனாலும், முதுகு வளைந்து போனாலும், அதற்குக் காரணம் இன்னதென்று தேடிப் பார்ப்பதற்கு முன்னாலேயே, "அது அவன் போன ஜன்மத்தில் செய்த வினை" என்று சொல்லிக் காரியத்தை முடித்துவிடுவது வழக்கமாக இருந்து வருகின்றது. இவர்களுக்குள்ளும் கூன் விழுந்தவர்கள் பாடுதான் மிகவும் பரிதாபமானது. குருடனைக் கண்டால் கை பிடித்து வழி காட்டுகின்ற மக்கள் கூட, கூனனைக் கண்டால் சிரிக்கின்றார்கள். இராமாயணக் கதையில் இராமனைக் காட்டுக்கு அனுப்பச் சூழ்ச்சி செய்தவள் என்று ஒருத்தியைக் காட்ட வேண்டிய இடத்தில், அவள் முதுகில் ஒரு கூனையும் வைத்துக் காட்டியிருக்கின்றார்கள். மந்தரை என்ற பெயர் அவளுக்கு இருந்தும், "கூனி" என்பதே அவளுக்குப் பெயராகிவிட்டது. உடம்பு வளைந்தால் புத்தியும் வளைந்திருக்கும் என்ற எண்ணம் இப்படித்தான் குழந்தைப் பருவத்திலேயே மக்கள் மனதில் ஊட்டப்படுகின்றது.

இது ஒரு பக்கம் இருக்க, கூனை நிமிர்த்துவதற்கு நம்மவர்கள் வைத்திருக்கும் வழி இன்னும் வேடிக்கையானது. மதுரையை ஆண்ட பாண்டியன் ஒருவன் கூன் விழுந்தவனாயிருந்தான் என்றும், திருஞானசம்பந்தர் பதிகம் பாடியவுடன் அவன் கூன் நிமிர்ந்துவிட்டது என்றும், அது முதல் அவன் நின்றசீர் நெடுமாறன் என்று பெயர் பெற்றான் என்றும் பெரியபுராணம் சொல்லுகின்றது. சம்பந்தர் காலம் 7-ம் நூற்றாண்டு என்கின்றார்கள். பெரியபுராணம் எழுதப்பட்டதோ 12-ம் நூற்றாண்டில். ஏறக்குறைய ஐந்நூறு வருஷத்துக்குப் பிறகு எழுதப்பட்ட ஒரு கதையைக் கண்ணால் கண்ட சாட்சியத்தைப் போல் இன்றும் சொல்லிக் கொண்டிருக்கின்றார்கள்.

அந்தப் பதிகம் இன்றும் அச்சில் இருக்கின்றது. ஓதுவார்களும் இருக்கின்றார்கள். கூன் விழுந்த ஏழைக் குழந்தைகளும் இருக்கின்றார்கள். அப்படியிருக்க, அந்தப் பாட்டைப் பாடி ஒரு குழந்தையின் முதுகையாவது இது வரையில் ஏன் நிமிர்த்திக் காட்டவில்லை என்று கேட்கின்றோம். ராஜாவின் கூனுக்கு மாத்திரம் மனமிரங்குகின்ற தெய்வம் கூலிக்காரன் மகனின் கூனைக் கண்டு ஏன் மௌனமாயிருக்கின்றது? இதற்கு யாரும் பதில் சொல்லப் போவதில்லை. ஆகவே அதை விட்டுவிட்டு, முதுகுக்குள் என்னதான் இருக்கின்றது, அது ஏன் வளைகின்றது என்பதை நாமே பார்ப்போம்.

முதுகெலும்பு என்பது அநேகர் நினைப்பது போல் கம்பு மாதிரி ஒரே எலும்பு அல்ல. நூல் சுற்றும் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினது போல் பல எலும்புகள் அடுக்கப்பட்டதேயாகும். பிறக்கும்போது அவை மொத்தம் 33. கழுத்தில் 7, விலா எலும்புகள் வந்து சேருகின்ற மார்பின் பின்புறத்தில் 12, இடுப்புக்கு மேலே குறுக்கில் 5, அதற்குக் கீழே கூபகத்தில் 5, கடைசியில் வால் நுனியில் பெரும்பாலும் 4. வயது ஏற ஏற, கூபகத்திலுள்ள ஐந்தும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே எலும்பாகிவிடுகின்றன. வால் நுனியிலுள்ளவைகளும் அப்படியே. ஆதலால் பெரியவர்களுக்கு எண்ணிப் பார்த்தால் 26 தான் இருக்கும்.

பெரும்பாலான எலும்புகளில் முன்பக்கம் ஒரு கட்டி உருளையும், பின்பக்கம் ஒரு வளையமும் உண்டு. பாரத்தைத் தாங்குவது உருளை. மூளையிலிருந்து இறங்கி வருகின்ற நரம்புத் தண்டு அந்த வளையங்களின் நடுவே ஓடுகின்றது. வளையத்தின் பின்னால் முள்போல் நீட்டிக் கொண்டிருக்கும் முனைகளைத்தான், குனிந்து நிற்கின்ற ஒருவன் முதுகில் விரலை வைத்துத் தடவினால் நாம் தொட்டு எண்ணுகின்றோம். உருளைக்கும் உருளைக்கும் நடுவில் மெத்தை போன்ற வட்டுகள் 23 இருக்கின்றன. பகலெல்லாம் நின்று நடந்து பாரம் தாங்குவதில் இந்த வட்டுகள் சற்று அமுங்கிப் போகின்றபடியால், மனிதன் காலையில் இருந்ததைவிட மாலையில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குட்டையாக இருக்கின்றான். இதை நம்பும்படி யாரையும் நாம் கேட்கவில்லை. சுவரில் கோடு போட்டு அவரவர் வீட்டிலேயே அளந்து பார்த்துக் கொள்ளலாம்.

மேலும் நேராக இருப்பதாக நாம் நினைக்கின்ற முதுகு உண்மையில் நேரானதே அல்ல. பிறந்த குழந்தையின் முதுகு ஒரே வில்லாக வளைந்திருக்கும். தலை நின்ற பிறகு கழுத்து முன்பக்கம் வளைகின்றது. எழுந்து நிற்கவும் நடக்கவும் ஆரம்பித்த பிறகு குறுக்கும் முன்பக்கம் வளைகின்றது. இந்த வளைவுகள் இருப்பதால்தான் மனிதன் இரண்டு காலில் தள்ளாடாமல் நிற்க முடிகின்றது. ஒட்டகச் சிவிங்கிக்கு அவ்வளவு நீளக் கழுத்து இருந்தும் அதிலுள்ள எலும்புகள் நமக்கு உள்ளது போல் ஏழுதான். நமக்கு வால் இல்லாவிட்டாலும் வாலுக்குரிய எலும்புகள் மிச்சமிருக்கின்றன. மனிதனைத் தனியாக மண்ணைப் பிசைந்து செய்ததாகச் சொல்லுகின்றவர்கள், இல்லாத வாலுக்கு எதற்காக எலும்பு வைக்கப்பட்டது என்பதற்கு இன்னும் சமாதானம் சொல்லவில்லை.

நிற்க, இந்தக் கணக்கை மனிதன் எப்படித் தெரிந்து கொண்டான் என்பதையும் பார்க்க வேண்டும். ஏனென்றால் எந்தக் கடவுளும் வந்து இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. கடவுள் பேரால் சொல்லப்பட்டவைகளெல்லாம் தப்பாகவே போயிருக்கின்றன. கூபக எலும்புக்குக் கிரேக்கர்கள் "புனித எலும்பு" என்று பெயர் வைத்தார்கள். இன்றும் வைத்திய புஸ்தகங்களில் அதற்கு வழங்குகின்ற சாக்ரம் என்ற லத்தீன் பெயருக்கு அதுதான் அர்த்தம். யூதர்களின் பழைய நூல்கள், முதுகெலும்பில் லூஸ் என்று ஒரு எலும்பு உண்டென்றும், அது நெருப்பில் வேகாது, தண்ணீரில் கரையாது, ஆட்டுக்கல்லில் அரைபடாது என்றும், கடைசி நாளில் மனிதன் அதிலிருந்தே மறுபடியும் எழுப்பப்படுவான் என்றும் சொல்லுகின்றன. சுடுகாட்டில் வேலை செய்கின்ற ஒரு ஏழைத் தொழிலாளியைக் கேட்டிருந்தால், வேகாத எலும்பு என்று ஒன்று கிடையாது என்று சொல்லியிருப்பான். ஆனால் அவனைக் கேட்க வேண்டும் என்று எந்தப் பண்டிதனுக்குத் தோன்றிற்று?

ஐரோப்பாவில் மதகுருமார் மாத்திரமல்ல, வைத்தியர்களும் இப்படியேதான் இருந்தார்கள். கேலன் என்பவர் 2-ம் நூற்றாண்டில் எழுதி வைத்ததையே 1,300 வருஷத்துக்கு மேல் வேதமாக ஓதிக் கொண்டிருந்தார்கள். அவர் குரங்குகளையும் பன்றிகளையும் அறுத்துப் பார்த்து மனிதனுக்கும் அப்படியே என்று எழுதியவர். வெசாலியஸ் என்ற வாலிபர் பதுவா நகரத்துக் கலாசாலையில் மனிதப் பிரேதங்களைத் தம் கையாலேயே அறுத்துப் பார்த்து, தம்முடைய 28-ம் வயதில், 1543-ம் வருஷத்தில், கண்டதைக் கண்டபடி படங்களோடு புஸ்தகமாக வெளியிட்டார். கேலன் சொன்னதில் அநேகம் தப்பு என்பது அதில் விளங்கிவிட்டது. அதைக் கண்டு அவருடைய ஆசிரியரான சில்வியஸ் என்பவருக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. கேலன் எழுதியது தப்பல்ல, கேலன் காலத்துக்குப் பிறகு மனித உடம்புதான் மாறிவிட்டது என்பதாக அவர் வாதாடினார். புஸ்தகம் பொய்யாகக் கூடாது என்பதற்காக மனிதன் எலும்பையே மாற்றிவிட்டார்! நம் நாட்டுச் சாஸ்திரிகளுக்கு அந்நிய நாட்டிலும் அண்ணன்மார் இருந்திருக்கின்றார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் கண்ணால் பார்த்தவர்கள் இல்லாமலில்லை. சுசுருத சம்ஹிதை என்ற வைத்திய நூல், பிரேதத்தைப் புல்லால் சுற்றி, கூண்டில் வைத்து, ஓடுகின்ற தண்ணீரில் ஏழு நாள் ஊறப் போட்டு, பிறகு தோலையும் சதையையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுத்து உள்ளே பார்க்க வேண்டும் என்று சொல்லுகின்றது. வேதவாதிகள் எலும்பு 360 என்கின்றார்கள், ஆனால் சத்திர வைத்திய நூலில் 300 தான் என்றும் அதிலேயே எழுதியிருக்கின்றது. பல்லையும் குருத்தெலும்பையும் சேர்த்து எண்ணியதால் அந்தக் கணக்கும் இன்று பெரியவர்களுக்குக் காணுகின்ற 206-க்கு ஒத்துவரவில்லை. ஆனாலும் வேதம் சொல்லுகின்றதை ஒருபுறம் வைத்துவிட்டு எண்ணிப் பார்க்கத் துணிந்தார்களே, அந்தப் புத்தி மெச்சத்தக்கது. பின்னால் வந்தவர்கள் அந்தப் புத்தியைக் கைவிட்டுவிட்டுப் புஸ்தகத்துக்கு மாத்திரம் பூஜை போட்டார்கள். பிணத்தைத் தொட்டால் தீட்டு என்று சொல்லி, தொட்டுப் பார்த்தால்தான் தெரியக் கூடிய விஷயத்தைத் தெரியாமலே அடித்துவிட்டார்கள். 1836-ம் வருஷத்தில் கல்கத்தா வைத்தியக் கலாசாலையில் மதுசூதன குப்தா என்ற பண்டிதர் பிரேதத்தை அறுத்தது ஒரு பெரிய அதிசயமாகப் பேசப்பட்டது என்றால், நடுவில் எத்தனை நூற்றாண்டு பாழாய்ப் போயிற்று என்பதை யோசித்துக் கொள்ளுங்கள்.

முதுகெலும்புக்குள்ளே தாமரைப் பூக்கள் போல் ஆறு சக்கரங்கள் இருக்கின்றனவென்றும், அடியில் குண்டலினி என்று ஒரு பாம்பு சுருண்டு கிடக்கின்றதென்றும் யோக நூல்கள் சொல்லுகின்றன. இதைப் பரீட்சித்துப் பார்த்த ஒருவருடைய கதையைச் சொல்லுகின்றோம். அவர் நம்மைப் போன்ற நாஸ்திகர் அல்ல. 1875-ல் ஆரிய சமாஜத்தை ஸ்தாபித்தவரும் வேதமே பிரமாணம் என்றவருமான தயானந்த சரஸ்வதிதான். அவர் சந்நியாசியாய்த் திரிந்த நாளில், கங்கையில் மிதந்து வந்த ஒரு பிணத்தைக் கரைக்கு இழுத்து வந்து, கத்தியால் அறுத்து, கையிலிருந்த யோக நூல்களோடு ஒத்திட்டுப் பார்த்தார். புஸ்தகத்தில் சொன்னது ஒன்றும் உடம்பில் இல்லை. உடனே அந்தப் புஸ்தகங்களைக் கிழித்துப் பிணத்தோடு கூடவே ஆற்றில் எறிந்துவிட்டதாக அவரே எழுதியிருக்கின்றார். ஒரு சந்நியாசிக்கு அன்றைக்கு ஆற்றங்கரையில் விளங்கினது, பட்டம் பெற்றவர்கள் பலருக்கு இன்னும் விளங்கவில்லை.

சரி, முதுகு வளைவது எதனால்? காரணம் ஒன்றல்ல. சில குழந்தைகள் எலும்பு சரியாக உருவாகாமலே பிறக்கின்றார்கள். சில பெண் குழந்தைகளுக்கு வளருகின்ற வயதில் முதுகு பக்கவாட்டில் வளைகின்றது. வயதான ஸ்திரீகளுக்கு எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து குறைந்து, எலும்புகள் நொறுங்கி, முதுகு குனிந்து போகின்றது. ஆனால் நம் நாட்டு ஏழைகள் வீட்டில் சிறு பிள்ளைகளுக்கும் வாலிபர்களுக்கும் முதுகின் நடுவில் கூர்மையாகக் கூன் கிளம்புவதற்கு முக்கியமான காரணம், க்ஷயரோகம் என்றும் காசநோய் என்றும் சொல்லுகின்ற அதே வியாதிதான். அது மார்பில் மாத்திரம் வருகின்றதென்று ஜனங்கள் நினைக்கின்றார்கள். அந்தக் கிருமி இரத்தத்தின் வழியாகப் போய் முதுகெலும்பிலும் தங்குகின்றது. அடுத்தடுத்த இரண்டு எலும்புகளின் முன்பக்கத்து உருளைகளை அரித்துத் தின்றுவிடுகின்றது. முன்பக்கம் இடிந்து விழ, பின்பக்கத்து முள் மாத்திரம் துருத்திக் கொண்டு நிற்கின்றது. அதுதான் கூன். இடிந்த எலும்பும் சீழும் நரம்புத் தண்டை அமுக்கினால் கால்களும் விழுந்துவிடும்.

முதுகு வளைவதற்கும் கால் விழுவதற்கும் உள்ள இந்தச் சம்பந்தத்தை லண்டன் வைத்தியரான பெர்சிவல் பாட் என்பவர் 1779-ல் எழுதினார். அதனால் அதற்குப் பாட் வியாதி என்றே பெயர். கிருமியை ராபர்ட் காக் என்ற ஜெர்மானியர் 1882-ல் கண்டுபிடித்துக் காட்டினார். அதைக் கொல்லுகின்ற முதல் நல்ல மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னால் இன்னும் பல மருந்துகள் வந்தன. படுக்கையில் மாதக்கணக்காகக் கிடக்காமல், வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டு அநேகர் குணமடையலாம் என்பதைச் சென்னையிலுள்ள க்ஷயரோக ஆராய்ச்சி நிலையத்தாரே 1970-களிலிருந்து நோயாளிகளை வைத்துப் பரீட்சை செய்து காட்டியிருக்கின்றார்கள்.

இந்த இடத்தில் வினைக்காரர்களை ஒரு கேள்வி கேட்கின்றோம். கூன் முன்ஜன்மத்துப் பாபத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனையானால், அந்தத் தண்டனையை ஒரு மாத்திரை எப்படி ரத்து செய்கின்றது? பிரம்மா எழுதிய எழுத்து டாக்டர் எழுதிக் கொடுக்கின்ற சீட்டுக்கு அழிந்து போகுமானால், இரண்டில் எது பெரிது? கடவுளுக்கு ஊழியம் செய்தவனுக்காவது அது வராமலிருந்ததா என்றால் அதுவுமில்லை. எகிப்து தேசத்தில் ஏறக்குறைய 3,000 வருஷத்துக்கு முன் இறந்து போன நெஸ்பெரஹான் என்பவனுடைய பதப்படுத்திய உடலை 1910-ல் ஆராய்ந்து பார்த்தார்கள். முதுகெலும்பு இடிந்து கூன் விழுந்து, சீழ் இடுப்பு வரை இறங்கியிருந்தது. அவன் யாரென்றால், ஆமோன் என்ற கடவுளின் கோயில் பூசாரி. தன்னை நாள்தோறும் பூசித்தவனுடைய முதுகை அந்தக் கடவுள் காப்பாற்றவில்லை. அந்தக் கடவுளையும் இன்று பூசிப்பவர் யாருமில்லை. கிருமி மாத்திரம் இருக்கின்றது. உலகத்தில் இந்த வியாதி கண்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குப் பேர் நமது தேசத்திலேயே இருக்கின்றார்கள். அவ்வளவு பாபிகளையும் இந்த ஒரு தேசத்தில்தான் கொண்டுவந்து பிறப்பித்தார்களா, அல்லது ஏழ்மையும் நெருக்கமும் சத்தில்லாத உணவும்தான் காரணமா என்பதை வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளட்டும்.

இதில் நமக்குள்ள ஆத்திரமெல்லாம் வெறும் தர்க்கத்தில் ஜெயிக்க வேண்டும் என்பதல்ல. வினை என்று சொல்லி வீணாக்குகின்ற நாட்களில்தான் அந்தக் குழந்தையின் எலும்பு இடிந்து கொண்டிருக்கின்றது. வியாதி ஆரம்பத்திலேயே தெரிந்து மருந்து சாப்பிட்டால் கிருமி சாகும், எலும்பு கெட்டிப்படும், முதுகும் பெரும்பாலும் தப்பும். இடிந்து கூனாகிவிட்ட பிறகு மருந்து வியாதியைத்தான் நிறுத்தும், கூனை நிமிர்த்தாது. சிலருக்குச் சத்திர சிகிச்சையும் வேண்டியிருக்கும். ஆகையால் இங்கே காலந்தான் எல்லாம். அந்தக் காலத்தைத்தான் தாயத்தும், மந்திரிப்பும், நேர்த்திக்கடனும் தின்றுவிடுகின்றன. இன்னும் சிலர், சுளுக்கு என்று சொல்லி முதுகை ஏறி மிதிக்கவும், உருவிவிடவும், சூடு போடவும் செய்கின்றார்கள். உள்ளே எலும்பு புழுதியாயிருக்கும்போது மேலே ஏறி மிதித்தால் என்ன ஆகும்? நடந்து வந்த குழந்தை நடக்க முடியாமல் போகும்.

ஆதலால் தாய்மார்களும் தகப்பன்மார்களும் கீழ்க்கண்டதை மனதில் வைக்க வேண்டுகின்றோம். குழந்தையோ பெரியவர்களோ வாரக்கணக்காக முதுகு வலிக்கின்றது என்றால் அலட்சியம் செய்யக் கூடாது. மாலையில் காய்ச்சல், பசியின்மை, உடம்பு இளைப்பு, இரவில் தூக்கத்தில் வலியால் அலறுதல் இவையெல்லாம் அடையாளங்கள். தரையில் ஒரு காசைப் போட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்லுங்கள். முதுகை வளைக்காமல், விறைப்பாகவே உட்கார்ந்து எடுக்குமானால் சந்தேகப்பட வேண்டும். முதுகை விரலால் தடவிப் பார்த்து, ஏதாவது ஒரு முள் துருத்திக் கொண்டிருக்கின்றதா என்று பாருங்கள். கால் தடுமாறுமானால் ஒரு நாள் கூடத் தாமதிக்கக் கூடாது. நேரே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். படம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மருந்து அங்கே இலவசமாகக் கிடைக்கின்றது. ஆனால் வலி நின்றுவிட்டதென்று இரண்டு மாதத்தில் நிறுத்திவிடக் கூடாது. டாக்டர் சொல்லுகின்ற வரையில், ஒரு வருஷமானாலும், அதற்கு மேலானாலும் சாப்பிட்டுத் தீர்க்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமற் போய்விடும்.

ஊரிலுள்ள மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தெருவில் கூன் விழுந்தவன் ஒருவன் இருப்பான். அவனுக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவன் முதுகில் இருப்பது பாபமூட்டை அல்ல, சிறு வயதில் யாரும் தக்க காலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாததன் அடையாளமேயாகும். அதற்கு வெட்கப்பட வேண்டியவன் அவனல்ல. நாம்தான்.

இருபத்தாறு எலும்பையும் தொட்டு எண்ணிப் பார்க்கக் கூடிய காலத்தில், எண்ணாமலே பயப்படுவதும், பார்க்காமலே விதி என்பதும் மனிதத் தன்மையாகாது. பாண்டியன் கூன் நிமிர்ந்ததோ இல்லையோ, இனிப் பிறக்கின்ற குழந்தைக்குக் கூன் விழாமல் செய்யக் கூடிய மருந்து நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றது. அதைத் தேடிப் போவதற்கு வேண்டியது பக்தி அல்ல, கொஞ்சம் பகுத்தறிவும், ஆஸ்பத்திரி வரைக்கும் நடக்கின்ற சிரமமுந்தான்.